இடது கையில் என் போன், வலது கையில் அவர் போன்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: "அண்ணா, எங்க பிராஞ்ச் மேனேஜர் ஆபீஸ் போனோட பின் நம்பரைக் கேக்கிறார். எல்லாரும் குடுத்திருக்காங்களாம். நான் மட்டும் குடுக்கலன்னா நல்லா இருக்குமா?"

கொடுக்காதே என்று ஒரு வரியில் பதில் போட்டேன். போட்ட பிறகு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அந்த ஒரு வரி எதற்கும் உதவாது என்று எனக்குத் தெரியும். நான் வங்கியில் சேர்ந்த புதிதில் எனக்கும் அதைச் சொன்னார்கள். பயிற்சியில் வீடியோ போட்டுக் காட்டினார்கள், பார்த்தேன் என்று கையெழுத்தும் வாங்கினார்கள். இருந்தும் கொடுத்தேன். அதனால் ஒரு மனுஷியின் வேலை போகப் பார்த்தது.

இந்த மாதிரி அனுபவங்களை ரிட்டயர் ஆனவர்கள் எழுதுவதுதான் வழக்கம். நான் சேர்ந்து ஏழு வருஷம்தான் ஆகிறது. ஆனால் ரிட்டயர் ஆனவர்கள் இதை எழுத மாட்டார்கள். அவர்கள் எழுதுகிற அனுபவங்களில் பிராஞ்ச் ஒரு குடும்பமாக இருக்கும், மேனேஜர் தகப்பனாக இருப்பார். நான் பார்த்த குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து கல்கத்தாவுக்குப் போஸ்டிங் வாங்கி ஹவுராவில் இறங்குகிற உங்களைப் போலத்தான் நானும் வந்தேன். எனக்குக் கிடைத்தது கிடர்பூர் பக்கம் ஒரு கிளை. வாசலில் லாரியும் கைவண்டியும் எந்நேரமும் மோதிக்கொண்டு நிற்கும். உள்ளே மேனேஜரைச் சேர்த்துப் பத்துப் பேர். நான் ஒருத்தன்தான் தமிழ். பேச்செல்லாம் பாதி வங்காளம், பாதி இந்தி, மிச்சம் ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ஆளுக்கு ஒரு ஆபீஸ் போன் கொடுத்திருந்தார்கள். வாடிக்கையாளர் விவரத்தில் எதை மாற்றினாலும் ஒருவர் பதிவு செய்ய வேண்டும், இன்னொருவர் தன் போனில் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இரண்டு பேர், இரண்டு போன், இரண்டு பின் நம்பர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நம்பரை மாற்றச் சொல்லிப் போன் தானாகவே கேட்கும்.

எங்கள் கிளையில் அது ஒரு பண்டிகை. பாஸ்வேர்டு நாள் என்றே பெயர். சாயங்காலம் கவுன்ட்டரை மூடும் நேரத்தில் மேனேஜர் காசு கொடுத்து சிங்காரா வாங்கி வரச் சொல்வார். இங்கே சமோசாவுக்கு அதுதான் பெயர். மண் குவளையில் டீ வரும். எல்லாரும் அவரவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நடு ஹாலில் நிற்போம். மேனேஜர் வங்காளத்தில் சத்தமாகச் சொல்வார்: "இந்தத் தடவை கடைசி நம்பர் ஏழு." அவ்வளவுதான். முதல் ஐந்து எண்கள் கிளையின் எண். அது மாறவே மாறாது. ஒவ்வொரு பாஸ்புக்கின் முதல் பக்கத்திலும் அச்சடித்திருக்கும். பத்துப் போனுக்கும் ஒரே நம்பர். யாராவது சாப்பிடப் போனாலோ லீவில் போனாலோ வேலை நிற்கக் கூடாது, அதற்காக இந்த ஏற்பாடு. கதவருகில் கடைசி வாடிக்கையாளர் நின்றுகொண்டிருப்பார், அவர் காதிலும் விழும்.

முதல் தடவை நான் தயங்கினேன். வீடியோவில் வேற மாதிரி சொன்னாங்களே சார் என்றேன். மேனேஜர் சிரித்துவிட்டார்.

"முருகேஷ், போன்ல அப்படி என்ன ரகசியம்? உங்க ஊர் இட்லிக்கு மாவு அரைக்கிற கணக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஷுக்லாதியும் சிரித்தார். 'தி' என்றால் அக்கா. பதினெட்டு வருஷம் சர்வீஸ் போட்ட ஆபீசர் அவர், எனக்கு ஒப்புதல் தருகிறவரும் அவர்தான். என் தட்டில் இன்னொரு சிங்காராவை வைத்து, "போடுப்பா, ஒரே வீட்டுக்குள்ள ஆளுக்கொரு பூட்டா?" என்றார். போட்டேன்.

ஏன் போட்டேன் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுகிறவர்கள். ஆபீஸ் என்கிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்ததே பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவனுக்கு, 'மாட்டேன் சார்' என்கிற இரண்டு வார்த்தை வாயில் வராது. அது தெரிந்துதான் கேட்கிறார்கள். இதை எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன்.

துர்கா பூஜை லீவுக்கு முந்தின கடைசி வேலை நாள். எதிர்ப் பந்தலில் டாக் மேளத்தை அடித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், வாசல் வரைக்கும் கூட்டம். அன்று ஷுக்லாதி லீவு. அவர் கணவருக்கு இருதய ஆபரேஷன். லீவில் போகிறவரின் ஒப்புதல் அதிகாரத்தை வேறொருவருக்கு மாற்றித் தர ஜோனல் ஆபீசுக்கு ஒரு மெயில் போட வேண்டும். பதில் வர ஒரு நாள் ஆகும். எங்கள் கிளையில் அந்த மெயிலை யாரும் போட்டதே இல்லை. லீவில் போகிறவர் போனை மேனேஜர் மேஜை மேல் இருக்கும் ட்ரேயில் வைத்துவிட்டுப் போவார். ஷுக்லாதியும் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

பதினொரு மணி இருக்கும். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், இஸ்திரி போட்ட சட்டை, பணிவான பேச்சு. துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆகி லேக் கார்டன்ஸில் இருக்கும் ஒரு பெரியவரின் கணக்கு. இவர் அவருடைய அக்கா மகனாம். மாமாவால் நடக்க முடியவில்லை, பழைய போன் தொலைந்துவிட்டது, கணக்கில் இருக்கும் மொபைல் நம்பரை மாற்ற வேண்டும். பெரியவர் கையெழுத்துப் போட்ட படிவம், அடையாள அட்டை நகல், எல்லாம் இருந்தது.

மொபைல் நம்பரை மாற்றுவது சின்ன வேலை மாதிரித் தெரியும். அந்த நம்பருக்குத்தான் ஓடிபி வரும். அதை மாற்றினால் வீட்டுப் பூட்டை மாற்றிச் சாவியை வேறு ஆள் கையில் கொடுத்த மாதிரி. கணக்கு வைத்திருப்பவர் நேரில் வர வேண்டும், முடியாவிட்டால் நாம் போய்ப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரியும். கையெழுத்தைக் கம்ப்யூட்டரில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர் போட்டதாக இருக்கலாம் போல இருந்தது. இல்லை போலவும் இருந்தது. நான் இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து மேனேஜர் கேபினிலிருந்து தலையை நீட்டினார்.

"ஏன் அவரை நிக்க வச்சிருக்க? முடிச்சு அனுப்பு."

ஒப்புதல் ஷுக்லாதி போனுக்குத்தான் போகும் என்றேன்.

"போன் இங்கதான இருக்கு. எடுத்துத் தட்டு. நம்பர் தெரியும்ல?"

ட்ரேயிலிருந்து எடுத்து வந்தேன். இடது கையில் என் போன், வலது கையில் அவர் போன். இதில் பதிந்தேன், அதில் மணி அடித்தது, அதைத் திறந்து ஒப்புதல் கொடுத்தேன். நானே கேட்டேன், நானே சரி என்றேன். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த ஆள் எனக்குக் கும்பிடு போட்டு, பூஜை வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

என் அப்பா கைநாட்டு. கூட்டுறவு சொசைட்டியில் எதற்காவது ரேகை வைக்கச் சொன்னால், இரண்டு பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு அந்தக் காகிதத்தைப் படிக்கச் சொல்வார். ஒருவர் படித்தது இன்னொருவருக்குத் தெரியக் கூடாது. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் விரலை மையில் வைப்பார். ஊரில் அதற்காக அவரைக் கிண்டல் பண்ணுவார்கள். எழுத்துத் தெரியாத அந்த மனுஷனுக்கு இருந்த ஜாக்கிரதை, டிகிரி வாங்கிப் பரீட்சை எழுதி வந்த எங்கள் பத்துப் பேரில் ஒருத்தருக்கும் இல்லை.

அந்தப் பின் நம்பர் எதைக் காப்பாற்றுகிறது என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்கள். பயிற்சி வீடியோவில் முகமூடி போட்ட ஒரு திருடன் வருவான், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சிரிப்பான். ஆறு எண்ணை அவனிடமிருந்து காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொள்வீர்கள். அது காப்பாற்றுவது இரண்டாவதாகப் பார்க்கிற ஆளை. அந்தக் காகிதம் ஷுக்லாதி கண்ணில் பட்டிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். ஏனென்றால் அவருக்கு அந்தப் பெரியவரைப் பதினைந்து வருஷமாகத் தெரியும். பெரியவர் வீட்டுக்கு ஒரே பிள்ளை, அக்காவே கிடையாது.

லீவு முடிந்து கிளை திறந்த அன்று பெரியவர் டாக்சியில் வந்து இறங்கினார். கையில் தடி. சட்டைப் பையில் அதே பழைய போன். ஒரு வாரமாக மெசேஜே வரவில்லை, போன் கெட்டுவிட்டதோ என்று கடையில் காட்டினேன், நன்றாக இருக்கிறது என்கிறான், நீங்கள் பாருங்கள் என்று நேராக ஷுக்லாதியிடம் போய் நின்றார். ஷுக்லாதி அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். சித்தப்பா முறை வைத்து, "வாங்க காக்கு, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக் கணக்கைத் திறந்தார். கணக்கு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. யார் நம்பரை மாற்றியது என்று திரையில் கீழே தள்ளிப் பார்த்தார். ஒப்புதல் கொடுத்தவர் என்ற இடத்தில் அவருடைய பெயரே இருந்தது. தேதியைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த நாள். மெதுவாகத் தலையைத் தூக்கி எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். நான் குனிந்து படிவங்களை அடுக்க ஆரம்பித்தேன்.

நான்கே நாளில் அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். அவருடைய போன், அவருடைய பின் நம்பர், அவருடைய ஒப்புதல், வேறென்ன வேண்டும்? லீவிலும் போன் அவரிடம்தான் இருந்திருக்கும் என்றார்கள். பாதிச் சம்பளம். ஆபரேஷன் ஆன கணவர் வீட்டில் படுத்திருக்கிறார். பெரியவரை ஏமாற்றியதில் அவருக்கும் பங்கு உண்டு என்று விசாரணையில் முடிவானால் வேலையே போய்விடும், போலீஸ் கேஸும் வரும்.

மிச்சம் ஒன்பது பேரிடமும் எழுதி வாங்கினார்கள். ஷுக்லாதியின் பின் நம்பர் எனக்குத் தெரியாது என்று ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டோம். பாஸ்வேர்டு நாளில் அவர் கையால் சிங்காரா வாங்கித் தின்ற ஒன்பது பேர். அதில் ஒரு கையெழுத்து என்னுடையது. நான் பதிவு செய்தேன், ஒப்புதல் வந்தது, யார் கொடுத்தார்கள் என்று தெரியாது. இப்படி எழுதிக் கொடுத்தேன்.

எழுதுவதற்கு முந்தின நாள் மேனேஜர் என்னைக் கேபினுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மிரட்டினார் என்று நினைப்பீர்கள். டீ வரவழைத்துக் கொடுத்தார். ஊரில் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

"அவளுக்கு யூனியன் இருக்கு, சர்வீஸ் இருக்கு. எப்படியும் வெளிய வந்துடுவா. நீ புரொபேஷன்ல இருக்கிற பையன். உனக்கு இந்த ஊர்ல யாரு இருக்கா, சொல்லு?"

நீங்கதானே எடுத்துத் தட்டச் சொன்னீங்க என்றேன்.

"நான் சொன்னதா எங்கயாவது எழுதியிருக்கா, தம்பி?"

தம்பி என்பதைத் தமிழிலேயே சொன்னார். என்னிடம் கற்றுக்கொண்ட ஒரே வார்த்தை. அவர் கத்தியிருந்தால்கூட அன்றே உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. உங்களிடமும் இப்படித்தான் பேசுவார்கள். டீ வந்தால் உஷாராக இருங்கள்.

மூன்று வாரம் கழித்து ஜோனல் ஆபீசிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். பழைய ரெக்கார்டு அறையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஷுக்லாதியையும் வரச் சொல்லியிருந்தார்கள். வெளியே வாடிக்கையாளர் பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. டோக்கன் எடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர் மாதிரி இருந்தார்.

நான் ஐந்தாவது ஆள். அதிகாரி ஏற்கெனவே நான் எழுதிக் கொடுத்ததைப் படித்தார், சரிதானே என்றார், தலையாட்டினேன். பிறகு ஆபீஸ் போனைக் கேட்டார். அதில் இருக்கும் பதிவுகளைப் பார்க்க வேண்டுமாம். மேஜையில் வைத்தேன்.

"பின் என்ன?" என்று கேட்டுவிட்டு, குறித்துக்கொள்ளப் பைல் அட்டையின் மேல் பேனாவை வைத்தார்.

பாஸ்வேர்டு கொடுத்ததை விசாரிக்க வந்த ஆள் பாஸ்வேர்டு கேட்கிறார். சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஏனென்றால் அந்த அட்டையைப் பார்த்தேன். எனக்கு முன்னால் போன நான்கு பேரின் பெயர்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஆறு எண். நான்கும் ஒரே நம்பர். பூஜைக்கு முன்னால் போட்ட அதே ஏழு. இவ்வளவு நடந்த பிறகும் ஒருத்தரும் மாற்றவில்லை, நானும் மாற்றவில்லை. மாற்றச் சொல்லி மேனேஜர் இன்னும் சிங்காரா வாங்கவில்லை, அதனால் மாற்றவில்லை. அதிகாரி தன் கையாலேயே நான்கு தடவை எழுதியிருக்கிறார், அவர் கண்ணிலும் படவில்லை.

"சொல்லு" என்றார்.

"நான் சொல்ல வேண்டாம் சார். நீங்களே நாலு தடவை எழுதிட்டீங்க."

புரியாமல் என்னைப் பார்த்தார். அட்டையை விரலால் காட்டினேன். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு கீழிருந்து மேலாகப் படித்தார். "ஷுக்லாவோட போன்?" என்று கேட்டார். அதுவும் இதுதான் சார், என்றேன். அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. ட்ரே, இரண்டு கை, மேனேஜர் சொன்னது, நான் எழுதிக் கொடுத்த பொய், எல்லாம் வந்தது.

அவர் பேனாவை மூடினார்.

"இதுவரைக்கும் நீ சொன்னது என் காதுல விழல. எழுதிக் குடுத்தா உன் வேலை உறுதியாகாமப் போகலாம். பொய் வாக்குமூலம் குடுத்தது தனிக் குற்றம். ஒரு டீ குடிச்சுட்டு வந்து சொல்றியா?"

டீ வேண்டாம், பேப்பர் கொடுங்கள் என்றேன். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். இதைத் தைரியம் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தைரியம் இருந்திருந்தால் மூன்று வாரத்துக்கு முன்னால் எழுதியிருப்பேன். அந்த மூன்று வாரத்தையும் ஷுக்லாதி தன் வீட்டில் திருடியாக உட்கார்ந்து கழித்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கணவரைப் பார்க்க வந்து, ஷுக்லாதியை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் போனை விட்டுவிட்டுப் போனதற்காக ஒரு இன்கிரிமென்ட்டை நிறுத்தினார்கள். எனக்குப் புரொபேஷனை ஒரு வருஷம் நீட்டினார்கள், பைலில் ஒரு கறுப்புப் புள்ளி இன்னும் இருக்கிறது. பெரியவரை எத்தனையோ தடவை டாக்சியில் வரவழைத்து, அவரேதான் யாரிடமோ ஏமாந்தாரா என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டுத்தான் வங்கி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. வாங்கிய கையோடு கணக்கை மூடிக்கொண்டு போய்விட்டார். மேனேஜருக்கு சாந்த்ராகாச்சி பக்கம் மாற்றல். மாலை போட்டு, குடும்பத் தலைவரை இழக்கிறோம் என்று பேசி அனுப்பி வைத்தார்கள். அங்கேயும் நடு ஹாலில் நின்று கடைசி நம்பரைக் கூவிக்கொண்டிருப்பார், சந்தேகமே வேண்டாம்.

ஷுக்லாதி திரும்பி வந்த அன்று நான் அவர் மேஜைக்குப் போனேன். மன்னித்துவிடுங்கள் என்று வங்காளத்தில் சொல்ல நான்கு நாளாகப் பாடம் பண்ணியிருந்தேன். சொல்ல விடவில்லை.

"என் கையிலயும்தான் தப்பு. நானும் சிரிச்சேன், நானும் போட்டேன், உன்னையும் போட வச்சேன். அத விடு. ஒண்ணு கேக்கிறேன். கையெழுத்தப் பாத்து உனக்குச் சந்தேகம் வந்துச்சா இல்லையா?"

வந்தது என்றேன்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல மூணு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன் முருகேஷ். என் சொந்தப் போன் கையிலயே இருந்துச்சு. யாராவது கூப்பிட மாட்டாங்களா, எதையாவது பேச மாட்டாங்களான்னு அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா நீ?"

அவர் நம்பர் என் போனில் இருந்தது. கூப்பிட வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவருடைய ஒப்புதல் என் வலது கையில் இருந்தபோது அவர் எதற்கு? ஒரு ஆளின் பின் நம்பர் உங்களிடம் இருந்தால் அந்த ஆள் உங்களுக்குத் தேவைப்பட மாட்டார். அதுதான் நடக்கிறது. நம்பிக்கை, குடும்பம், ஒரே வீடு என்றெல்லாம் யாராவது சொல்ல வந்தால், அன்று அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்த மனுஷியைக் குடும்பத்தில் ஒருத்தர்கூடக் கூப்பிடவில்லை என்று சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு பல மாதம் அவர் என்னோடு பேசவில்லை. பக்கத்து மேஜைதான். புது மேனேஜர் வந்தார், ஆளுக்கொரு நம்பர் போட்டுக்கொண்டோம், போன் ட்ரே காணாமல் போனது. அவர் பேசாவிட்டாலும் வேலை அவர் வழியாகத்தான் போக வேண்டும். நான் முதலில் அனுப்பிய பதிவு ஒரு லாரிக் கம்பெனிக்காரருடையது, மொபைல் நம்பர் மாற்றம்தான். அந்த ஆள் என் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார், வெளியே வண்டி நிற்கிறது என்று குதித்துக்கொண்டிருந்தார். ஷுக்லாதி தன் போனைக் கையால் மறைத்துத் திறந்து, நிதானமாகப் படித்தார். என் போனில் மணி அடித்தது. நிராகரிக்கப்பட்டது. காரணம்: அடையாள அட்டை நகல் தெளிவாக இல்லை, அசலைக் கொண்டுவரச் சொல்லவும்.

நான் எழுந்து அவரிடம் போய்க் கெஞ்சவில்லை. கேபின் பக்கமும் திரும்பிப் பார்க்கவில்லை. அசலைக் கொண்டு வாங்க அண்ணா, இல்லாமல் முடியாது என்றேன். லாரிக்காரர் மொத்த ஹாலும் கேட்கிற மாதிரி, மத்ராசியிலிருந்து ஆரம்பித்து என் படிப்பு, என் வேலை, என் பரம்பரை என்று பத்து நிமிஷம் திட்டினார். கையைக் கட்டிக்கொண்டு, முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.